கிட்டியும் மனுவும்

மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால், சாலை கடற்கரையைத் தொடும் இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டடம் நிற்கும். தமிழ்நாடு காவல்துறையின் தலைமை அலுவலகம். ஆட்டோக்காரரிடம் டிஜிபி ஆபீஸ் என்றால் போதும். 1839ல் ஃப்ரீமேசன்கள் தங்கள் கூட்டங்களுக்காகக் கட்டிய மண்டபம் அது. 1865ல் போலீஸ் வாடகைக்கு வந்தது, 1874ல் விலைக்கே வாங்கிக்கொண்டது. சாலையின் பழைய பெயரைக் கொஞ்சம் வயசானவர்கள் இன்னமும் சொல்வார்கள்: எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. பெசன்ட் நகரில் மாலையில் நாமெல்லாம் போய் உட்காரும் எலியட்ஸ் பீச்சும் அதே ஆள் பெயரில்தான் இருக்கிறது.

டிஜிபி ஆபீஸிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்தால் சேப்பாக்கம். அங்கே எழிலகம், அதையொட்டிப் பழைய நவாப் அரண்மனை. நவாபுகளின் காலம் முடிந்தபின் அந்த அரண்மனைக்கு ரெவின்யூ போர்டு குடிவந்தது. 1980ல் போர்டைக் கலைத்தார்கள். ஆனால் மாநிலத்தின் வருவாய் நிர்வாகத் தலைமை இன்றும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

ஒரு கட்டடத்தில் வருவாய்த்துறை, இன்னொன்றில் காவல்துறை. இதில் என்ன அதிசயம், இரண்டும் வேறு வேறு துறைதானே என்று தோன்றும். 170 வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. வரி வசூலித்தவரும் கைது செய்தவரும் ஒரே ஆள். அந்த ஒரே ஆளை இரண்டாகப் பிரிக்க மெட்ராஸ் வியாபாரிகள் சிலர் லண்டனுக்கு ஒரு மனு எழுத வேண்டியிருந்தது. வரியைப் பற்றிய அந்த மனு எப்படிப் போலீஸ் சட்டமாக முடிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. எலியட்டும் நடுவில் வருவார்.

*

முதலில் அந்த ஒரே ஆள் எப்படி உருவானார் என்று பார்ப்போம்.

மெட்ராஸ் மாகாணத்தின் பெரும்பகுதியில் நடந்தது ரயத்துவாரி முறை. நடுவில் ஜமீன்தார் கிடையாது, சர்க்கார் நேராக விவசாயியிடம் வரி வாங்கும். தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்த்துப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். பரீட்சைக்கு 'இடைத்தரகர் இல்லாத முறை' என்று எழுதி மார்க் வாங்கியிருப்போம். இடைத்தரகர் இல்லை என்பதன் நடைமுறை அர்த்தம் வேறு. லட்சக்கணக்கான விவசாயிகள் ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு வருஷமும், தவணை தவணையாகக் கிஸ்தி வாங்கியாக வேண்டும். ஜில்லாவுக்கு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர், அவருக்குக் கீழே சில உதவியாளர்கள். மீதி வேலை முழுக்க தாசில்தார், அவருடைய சேவகர்கள், கிராம மணியக்காரர் தலையில்.

1816ல் வந்த ஒழுங்குமுறைச் சட்டங்கள் இந்தச் சங்கிலியிடமே போலீஸ் அதிகாரத்தையும் கொடுத்தன. கலெக்டரே மாஜிஸ்ட்ரேட், தாசில்தாரே தாலுகாவின் போலீஸ் தலைவர். அதற்கு முன்னால் இருந்த தரோகா முறை சரியாக ஓடவில்லை, தனிப் போலீஸ் வைத்தால் செலவு, ஊர் நிலவரம் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். காகிதத்தில் எல்லாம் நியாயமான காரணம்தான். நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். எங்கள் தொழிலில் ஒரே யூசருக்கு எல்லா அனுமதியையும் கொடுத்துவிட்டு 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்பார்கள். அந்த 'இப்போதைக்கு' மெட்ராஸில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது.

அந்த நாற்பது வருஷத்தில் விவசாயியின் நிலைமையும் மோசமாகிக்கொண்டே வந்தது. தீர்வை ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஆனால் 1820களின் நடுவிலிருந்து 1850களின் தொடக்கம்வரை மாகாணத்தில் தானிய விலை பெரும்பாலும் கீழேயே கிடந்தது. தீர்வை அப்படியே நிற்க, நெல் விலை இறங்கினால், அதே தீர்வையைக் கட்ட இன்னும் கொஞ்சம் நெல்லை விற்க வேண்டும். அறிவிக்காமலே வரி ஏறியதுபோலத்தான். நிலம் இல்லாதவரும் தப்பவில்லை. தறிக்கு, தச்சு வேலைக்கு, கொல்லுலைக்கு, கடைக்கு என்று தொழில்மீது மொதுர்பா என்ற வரி இருந்தது. உப்பு கம்பெனியின் ஏகபோகம்.

கட்ட முடியாதவனிடம் எப்படி வாங்குவது? இதற்குச் சட்டத்தில் ஜப்தி, ஏலம் எல்லாம் உண்டு. அதற்குக் காகிதம் வேண்டும், நாள் ஆகும், மேலிடத்துக்கு எழுத வேண்டும். தாசில்தாருக்கோ குறித்த தேதிக்குள் தொகை போய்ச் சேர வேண்டும். சட்டத்தைவிடச் சீக்கிரமான வழி அவர் கையிலேயே இருந்தது.

அதன் பெயர் கிட்டி. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கையையோ விரலையோ தொடையையோ வைத்து இறுக்குவது. ஆங்கில ஆவணங்களில் 'அனுந்தால்' என்று எழுதப்பட்டிருக்கும் இன்னொன்று, தலையைக் கீழே வளைத்துக் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி அப்படியே நிற்கவைப்பது. வெயிலில் நிறுத்துவது, குனியவைத்து முதுகில் கல்லோ ஆளோ ஏற்றுவது, சாப்பிடவோ ஒதுங்கவோ விடாமல் அடைத்துவைப்பது, மாடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் வீட்டுக்குள் பூட்டுவது, நிலுவை வைத்த இருவரின் குடுமிகளைச் சேர்த்து முடிவது, எலும்பு மாலை போடுவது என்று பட்டியல் நீளும். 'தாழ்ந்த' சாதிக்காரர் ஒருவரை நிலுவைக்காரர் முதுகில் உட்காரவைப்பதும் அதில் ஒன்று. இங்கே சாதியே ஒரு கருவி. அப்படி உட்காரவைக்கப்பட்டவருக்கு நேர்ந்த அவமானத்தை யாரும் சித்திரவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தப் பட்டியலில் எனக்கு மறக்காதது ரத்தமே இல்லாத ஒன்று. நிலுவை வைத்தவன் வீட்டில் ஒரு சேவகனை உட்காரவைத்துவிடுவார்கள். அந்தச் சேவகனின் தினக்கூலி, அதாவது பட்டாவை, நிலுவைக்காரனே கொடுக்க வேண்டும். கட்டப் பணமில்லை என்பதற்குத் தண்டனையாகத் தினமும் இன்னும் கொஞ்சம் பணம்.

*

இதெல்லாம் ஊருக்கே தெரியும். சர்க்கார் கோப்புகளுக்குத்தான் தெரியாது. தெரியவைத்தவர்களில் முக்கியமானவர் காஜுலு லட்சுமிநரசு செட்டி. 1806ல் பிறந்தவர், தெலுங்கு பேசும் வணிகக் குடும்பம், அவுரி வியாபாரமும் துணி வியாபாரமும். 1844ல் 'கிரசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். 1852ல் மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன். காங்கிரஸ் பிறக்க இன்னும் 33 வருஷம் இருந்தது.

செட்டியை ஏழைகளின் தோழனாக மட்டும் வரைந்துவிட்டால் படம் தப்பாகிவிடும். 'கிரசென்ட்' தொடங்கியதற்கு முக்கியக் காரணம் மிஷனரிகள்மேல் இருந்த கோபம். மதம் மாறியவருக்கும் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்ற சட்ட முயற்சியை அவரும் நண்பர்களும் எதிர்த்தார்கள். அசோசியேஷனில் இருந்தவர்கள் நகரத்துப் பணக்கார இந்துக்கள், கிட்டி பிடிக்கப்பட்ட விவசாயிகள் யாரும் அதில் உறுப்பினர் இல்லை. நகரத்து வியாபாரி கிராமத்து வரியைப் பற்றி ஏன் பேசினார்? கிராமத்தில் பணம் வறண்டால் வியாபாரமும் வறண்டுவிடும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கம்பெனி ஆட்சியைக் குற்றக் கூண்டில் ஏற்ற வரியைவிட நல்ல விஷயம் கிடைக்காது என்பது இன்னொன்றாக இருக்கலாம். மனிதாபிமானமும் இருந்திருக்கும். மனு எழுதுகிறவர் மனசைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மனுவைப் படிப்போம் என்றால் உலகத்தில் ஒரு சட்டமும் மாறியிருக்காது.

அசோசியேஷன் முதலில் கல்கத்தா சங்கத்தின் கிளையாகத்தான் தொடங்கியது. கல்கத்தாவின் குறைகள் வேறு, மெட்ராஸின் குறைகள் வேறு. சில மாதங்களிலேயே தனியாகப் பிரிந்து தங்கள் மனுவைத் தாங்களே எழுதினார்கள். எழுதிய நேரம்தான் சாமர்த்தியம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருபது வருஷத்துக்கு ஒருமுறை பிரிட்டிஷ் பாராளுமன்றம் சாசனத்தைப் புதுப்பிக்க வேண்டும். 1833க்கு அடுத்தது 1853. மற்ற பத்தொன்பது வருஷத்தில் கத்தினாலும் கேட்காத ஒரு கதவு, அந்த ஒரு வருஷம் கொஞ்சம் திறக்கும். அந்தச் சமயம் பார்த்து மனு போனது.

மனு வரியில் தொடங்கியது. தாங்க முடியாத வரி, அதை வசூலிக்கும்போது நடக்கும் கொடுமைகள், மொதுர்பா, உப்பு. அப்புறம் மெதுவாக நகரும் செலவுபிடித்த நீதிமன்றங்கள். அப்புறம் சாலை, பாலம், நீர்ப்பாசனம், பள்ளிக்கூடம். வாங்குகிற வரிக்கு என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வி. இன்று ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் மனுவை எடுத்துப் பாருங்கள், வரிசை பெரிதாக மாறியிருக்காது.

மனு ஜெயித்ததா? உடனடியாகப் பார்த்தால் இல்லை. 1853ல் பாராளுமன்றம் கம்பெனியின் ஆட்சியைத் தொடரவிட்டது. ஆனால் லண்டனில் சிலர் மனுவைப் படித்துவைத்திருந்தார்கள். இந்திய சீர்திருத்தச் சங்கத்தைச் சேர்ந்த ஹென்றி டான்பி செமூர் என்ற எம்.பி. அதே வருஷக் கடைசியில் மெட்ராஸுக்கே வந்துவிட்டார். செட்டி அவரை ஜில்லா ஜில்லாவாக அழைத்துப் போனார். மாட்டுவண்டியும் பல்லக்கும் ஓடிய காலம், மெட்ராஸிலிருந்து ரயிலே இன்னும் புறப்படவில்லை. செமூர் விவசாயிகளிடம் நேரில் கேட்டார். கிட்டியைக் கண்ணால் பார்த்தார்.

1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் மெட்ராஸ் நிலவரி பற்றி விவாதம் வந்தபோது செமூர் எழுந்து சித்திரவதையைப் பற்றிப் பேசினார். கம்பெனி பக்கம் நின்றவர்கள் அப்படி ஒன்றும் கேள்விப்பட்டதில்லை என்று மறுத்தார்கள். அந்த மறுப்புதான் வசதியாகப் போனது. இருக்கிறது என்று ஒருவர், இல்லை என்று ஒருவர் சபையில் சொல்லிவிட்டால், விசாரிக்காமல் விட முடியாது. இரண்டே மாதத்தில், செப்டம்பரில், மெட்ராஸில் ஒரு கமிஷன் அமைந்தது. வரி வசூலில் நடக்கும் சித்திரவதையை விசாரிக்கப் போட்டது, பிறகு போலீஸ் வாக்குமூலம் வாங்கும் முறையையும் சேர்த்துக்கொண்டது. 'மெட்ராஸ் டார்ச்சர் கமிஷன்' என்று சரித்திரத்தில் பெயர்.

*

கமிஷனில் மூன்று பேர். ஹென்றி ஸ்டோக்ஸ், கம்பெனியின் சிவில் அதிகாரி. ஜான் புரூஸ் நார்ட்டன், பாரிஸ்டர், தென்னிந்திய நீதி நிர்வாகத்தைக் கடுமையாகத் தாக்கி 1853லேயே ஒரு புத்தகம் எழுதியவர். மூன்றாமவர் எட்வர்ட் பிரான்சிஸ் எலியட், மெட்ராஸ் நகரத்தின் தலைமை மாஜிஸ்ட்ரேட், போலீஸ் சூப்பரிண்டெண்டென்ட். நம்முடைய சாலையும் கடற்கரையும் இவர் பெயரில்தான். மூவரில் இந்தியர் ஒருவரும் இல்லை. புகார் கொடுத்த பக்கத்திலிருந்து யாரையும் உட்காரவைக்கவில்லை.

மாகாணம் முழுவதும் அறிவிப்பு போனது. சித்திரவதைக்கு ஆளானவர்கள் எழுதலாம், நேரில் வரலாம். மூன்று மாதத்தில் வந்த புகார்கள் 1,959. அதில் 1,440 கடிதங்கள். மீதி 519 பேர் நேரில் வந்தார்கள்.

இந்த 519ஐக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மாகாணம் வடக்கே கஞ்சம், மேற்கே கன்னட ஜில்லா, தெற்கே திருநெல்வேலி வரை. கமிஷன் இருந்ததோ மெட்ராஸில். ஊரில் தாசில்தாரைப் பகைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, வழிச்செலவுக்குக் கடன் வாங்கி, நடந்தோ வண்டியிலோ வந்து, மூன்று வெள்ளைக்காரர்கள் முன்னால் நின்று, தன் உடம்புக்கு என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் திரும்பி அதே ஊருக்குத்தான் போக வேண்டும், அதே தாசில்தாரிடம்தான் அடுத்த கிஸ்தி கட்ட வேண்டும். மாகாணத்தின் மக்கள்தொகை 2 கோடிக்கு மேல், 1,959 ஒரு பெரிய எண்ணா என்று அன்றைக்கே கேட்கக்கூடியவர்கள் இருந்தார்கள். வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கமிஷனே அதைக் கேட்டது. அறிக்கையில் அவர்கள் மிகவும் வருத்தத்தோடு எழுதியிருப்பது கிட்டியைப் பற்றி அல்ல, முறையீடு செய்ய வழியில்லாததைப் பற்றி. ஒரு விவசாயி கலெக்டரிடம் புகார் கொண்டுபோகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தூரமும் செலவும். தாண்டிப் போனால், மனுவின் முதுகில் வழக்கமான குறிப்பு ஒன்றை எழுதுவார்கள்: விசாரிக்கும்படி தாசில்தாருக்கு அனுப்பப்படுகிறது. அதாவது யார்மேல் புகாரோ அவர் மேஜைக்கே அந்தப் புகார் போய்ச் சேரும். எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், பிழையை உண்டாக்கியவருக்கே டிக்கெட் அசைன் ஆகும், அவரே 'தீர்க்கப்பட்டது' என்று மூடுவார். இவ்வளவையும் தாண்டி மாஜிஸ்ட்ரேட் முன்னால் குற்றம் நிரூபணமாகிவிட்டால் அவர் கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனை 50 ரூபாய் அபராதம், அல்லது ஒரு மாதச் சிறை. அந்த மாஜிஸ்ட்ரேட் யார்? கலெக்டர். அவருக்கு அந்த வருஷத் தீர்வை பாக்கியில்லாமல் வந்தாக வேண்டும்.

தனி ஆள் யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு கொடுமை வருஷா வருஷம் நடப்பதற்கு இதைவிடச் சரியான ஏற்பாடு இருக்காது.

*

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. சித்திரவதை இருக்கிறது; வரி வசூலிலும் இருக்கிறது, போலீஸ் விசாரணையிலும் இருக்கிறது. செமூர் சொன்னது நிஜம் என்று கம்பெனியின் சொந்தக் கமிஷனே எழுதிக் கையெழுத்துப் போட்டது. வருவாயையும் போலீஸையும் பிரிக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான முடிவு.

அறிக்கை நழுவிய இடங்களும் உண்டு. குற்றமெல்லாம் கீழ்மட்ட இந்திய ஊழியர்கள் தலையில் விழுந்தது. ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் உடந்தை இல்லை, அவர்கள் இதை வெறுக்கிறார்கள், மக்களும் அவர்களைத்தான் நம்புகிறார்கள் என்று கமிஷன் சான்றிதழ் கொடுத்தது. அப்படியானால் சேவகன் யாருக்காக விரலை நெரித்தான்? அந்தப் பணம் எந்தக் கஜானாவுக்குப் போனது? தீர்வை கட்டக்கூடிய அளவில் இருந்திருந்தால் கிட்டிக்கு வேலை இருந்திருக்குமா? மனு தொடங்கியதே வரியின் அளவைப் பற்றி. கமிஷனுக்குக் கொடுத்த வேலையோ வசூலிக்கும் முறையைப் பற்றி. 'எவ்வளவு' என்ற கேள்வி உள்ளே போய் 'எப்படி' என்ற பதிலாக வெளியே வந்தது. கமிஷன்களின் வரலாற்றில் இது பழைய வித்தை, இன்றும் நடக்கும் வித்தை.

இந்த நழுவலை அப்போதே கவனித்த ஒரு ஆள் லண்டனில் இருந்தார். 1857ல் சிப்பாய்களின் கொடூரங்களைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தபோது, கார்ல் மார்க்ஸ் 'நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்' பத்திரிகையில் இதே மெட்ராஸ் அறிக்கையை எடுத்துவைத்து ஒரு கட்டுரை எழுதினார். இவர்களை இப்படி நடத்திய ஆட்சியைத் தூக்கியெறிய இவர்கள் முயல்வதில் என்ன ஆச்சரியம் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். மயிலாப்பூர் சாலைக்காரர் எழுதிய அறிக்கையை மார்க்ஸ் மேற்கோள் காட்டியிருக்கிறார் என்பது நம்ம ஊர்ச் சரித்திரத்தில் பலருக்கும் தெரியாத ஒரு ஓரம்.

*

அப்புறம் சட்டங்கள் வரிசையாக வந்தன.

1859ல் மெட்ராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம், அந்த வருஷத்தின் 24வது சட்டம். தாசில்தாரின் கையிலிருந்து போலீஸ் வேலையைப் பிரித்து, தனித் தலைமை, தனிச் சம்பளம் உள்ள ஒரு படையை அது உண்டாக்கியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். இரண்டு வருஷம் கழித்து இந்தியாவுக்கே பொதுவாக வந்த 1861 போலீஸ் சட்டத்துக்கு மெட்ராஸ் ஏற்பாடு ஒரு முன்மாதிரி. ஜமாபந்தியில் உட்கார்ந்து கணக்கு பார்ப்பவர் வேறு, லாக்கப் சாவி வைத்திருப்பவர் வேறு என்று ஆனது. டிஜிபி ஆபீஸ் கட்டடத்துக்குப் போலீஸ் குடிவந்தது இதற்குப் பிறகுதான்.

1860ல் இந்திய தண்டனைச் சட்டம். அதன் 330வது பிரிவு, வாக்குமூலம் வாங்கவோ பொருளை மீட்கவோ ஒருவரைத் துன்புறுத்துவது பற்றியது. பிரிவின் கீழே உதாரணங்கள் இருக்கும். முதல் இரண்டிலும் குற்றவாளி ஒரு போலீஸ் அதிகாரி. மூன்றாவதில் ஒரு வருவாய் அதிகாரி, நிலுவை வரியைக் கட்டவைக்க ஒருவரைச் சித்திரவதை செய்கிறார். நான்காவதில் குடியானவனிடம் குத்தகை வாங்க ஒரு ஜமீன்தார். 2024ல் புதிய சட்டம் வரும்வரை சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த உதாரணங்களைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வருவாய் அதிகாரி எதற்காகச் சித்திரவதை செய்யப்போகிறார் என்று வகுப்பில் யாராவது கேட்டிருந்தால், பதில் இந்தக் கட்டுரையில் மேலே இருக்கிறது.

1861ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னொரு விசித்திரமான விதியைக் கொண்டுவந்தது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25வது பிரிவாகத் தொடர்ந்து, இன்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23வது பிரிவாக உயிரோடு இருக்கிறது. ஒரு அரசு தன் போலீஸை உண்டாக்கும்போதே, இவர்கள் வாங்கிவரும் ஒப்புதலை நாங்கள் நம்பமாட்டோம் என்று எழுதிவைத்தது.

1864ல் வருவாய் வசூல் சட்டம். நோட்டீஸ், ஜப்தி, ஏலம் என்று நிலுவை வசூலின் படிகளை அது வரிசைப்படுத்தியது. தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவரைக் கைதுசெய்து சிறையில் வைக்கும் பிரிவு ஒன்றும் அதில் உண்டு. ஆனால் சிறைக்கும் கிட்டிக்கும் நடுவில் ஒரு காகிதம் வந்துவிட்டது. காகிதம் இருந்தால் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும், எதிர்த்து ஒரு வக்கீல் நிற்கலாம். அரசாங்க நோட்டீஸைப் பார்த்தால் நமக்கெல்லாம் எரிச்சல் வருகிறது. அந்த நோட்டீஸ் வாங்குவதே ஒரு காலத்தில் போராடிக் கிடைத்த உரிமை.

*

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. குடிமக்கள் மனு எழுதினார்கள், சட்டம் வந்தது, கொடுமை போனது. பாதிதான் உண்மை.

வரிக்காக அடிக்கிற வழக்கம் நிஜமாகவே போனது. இன்று தி.நகரில் சொத்து வரி கட்டத் தவறினால் அபராதம் வரும், நோட்டீஸ் வரும், யாரும் விரலை நெரிக்க வரமாட்டார்கள். 2022ல் சொத்து வரி உயர்ந்தபோது சென்னை முழுக்கத் திட்டித் தீர்த்தோம், ஆட்சேபணை எழுதினோம், மறுபடி திட்டிவிட்டுக் கட்டினோம். அந்தத் திட்டலில் பயம் இல்லை. அதை ஒரு சாதாரண விஷயமாக நினைக்கிறோம் என்பதே 1852 மனுவின் வெற்றி.

ஆனால் கமிஷன் விசாரித்தது இரண்டு விஷயங்களை. ஒன்று வரி, இன்னொன்று வாக்குமூலம். அதிகாரத்தைப் பிரித்தபோது வசூல் ஒரு கட்டடத்துக்குப் போனது, தடி இன்னொரு கட்டடத்துக்குப் போனது. தடி எங்கும் ஒழியவில்லை. போலீஸ் வாங்கும் ஒப்புதல் செல்லாது என்று சட்டம் சொன்னது, அதற்காக அடிப்பதை யார் தடுப்பது, அடித்தால் யார் விசாரிப்பது என்பதை 1855ன் பழைய சிக்கலிலேயே விட்டுவிட்டது. ஸ்டேஷனில் அடித்தார்கள் என்ற புகார் முதலில் யார் மேஜைக்குப் போகிறது என்று பாருங்கள். மனுவின் முதுகில் எழுதிய அந்தக் குறிப்பு ஞாபகம் வரும்.

2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், சாத்தான்குளத்தில் கடை வைத்திருந்த ஒரு அப்பாவையும் மகனையும் போலீஸ் பிடித்துப் போனது. இருவரும் காவலில் அனுபவித்த அடியால் இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தபோது, ஸ்டேஷனை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது. செய்தியில் அதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1859ல் எந்தத் துறையின் கையிலிருந்து போலீஸைப் பிரித்து எடுத்தார்களோ, அதே துறையிடம் சாட்சியத்தைக் காப்பாற்ற ஒரு போலீஸ் ஸ்டேஷனை ஒப்படைக்க வேண்டியிருந்தது.

இந்தியா ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997ல் கையெழுத்துப் போட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அதற்குச் சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கும் ஒரு சட்டம் வேண்டும். 2010ல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போனது, காலாவதியானது. 2017ல் சட்ட ஆணையம் தன் 273வது அறிக்கையில் மறுபடி பரிந்துரைத்து ஒரு வரைவையும் இணைத்தது. அதுவும் இன்னும் சட்டமாகவில்லை. 1854ல் ஒரு எம்.பி. எழுந்து பேசி இரண்டு மாதத்தில் கமிஷன் அமைந்தது, அறிக்கைக்கு நான்கு வருஷம் கழித்துச் சட்டம் வந்தது. அதுவும் ஓட்டுப் போட முடியாத மக்களுக்காக, அந்நிய ஆட்சியில். நமக்கு ஓட்டு இருக்கிறது. 1997லிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

*

செட்டி 1863ல் மெட்ராஸ் சட்ட கவுன்சிலில் உறுப்பினரானார். 1868ல் இறந்தார். பொதுக் காரியங்களில் பணத்தையெல்லாம் விட்டு, கடைசியில் வறுமையில் இருந்ததாகச் சொல்வார்கள். எலியட்டின் பெயர் பெசன்ட் நகர்க் கடற்கரையில் இன்னும் இருக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் திரும்பத் திரும்ப நினைவு வருவது அந்த 519 பேர்தான். மனு எழுத ஆங்கிலம் தெரிந்த வியாபாரி வேண்டியிருந்தது, சபையில் பேச எம்.பி. வேண்டியிருந்தது, வரைவு எழுத பாரிஸ்டர் வேண்டியிருந்தது. ஆனால் கிட்டி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியைத் தீர்த்தவர்கள், தங்கள் கையைக் காட்டிப் பேச மெட்ராஸுக்கு வந்தவர்கள். அவர்கள் வராமலிருந்தால் 'அப்படி ஒன்றும் கேள்விப்பட்டதில்லை' என்பதே ஆவணமாக நின்றிருக்கும்.

சட்ட ஆணையத்தின் வரைவு மசோதா இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நீளமும் அதிகமில்லை. படித்துவிட்டு உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 1854ல் மெட்ராஸ் கமிஷனுக்கு வந்த 1,440ம் கடிதங்கள்தான்.